நெஞ்சறுவை நடக்கும்போது மூச்சு எப்படி ஓடுகிறது?

குடல்வாலை எடுக்கும்போது அறுவை மருத்துவர் வயிற்றில் வேலை செய்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் தலைமாட்டில் நின்று மூச்சைப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் தனித்தனி இடம். நுரையீரலில் கத்தி வைக்கும்போது அப்படி இல்லை. எந்த உறுப்பு நோயாளியை உயிரோடு வைத்திருக்கிறதோ, அதையேதான் வெட்டவும் தைக்கவும் வேண்டியிருக்கிறது. நுரையீரல் காற்று இறங்கி, அசையாமல் கிடந்தால்தான் அறுவை மருத்துவரால் வேலை செய்ய முடியும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்காமல் இருந்தால்தான் மயக்கவியல் மருத்துவரால் நிம்மதியாக நிற்க முடியும். இந்த இரண்டு தேவைகளும் முட்டிக்கொள்வதுதான் நெஞ்சறுவையின் மூலச் சிக்கல்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் ஆபரேஷன் என்றால், "சர்ஜன் யாரு, கைராசி எப்படி?" என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மயக்க மருந்து கொடுக்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. நெஞ்சறுவையைப் பொறுத்தவரை அது பாதி விசாரணைதான். ஏன் என்று புரிய, மார்பைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. உதரவிதானமும் விலா இடைத் தசைகளும் மார்புக்கூட்டை அகலப்படுத்துகின்றன. நுரையீரல் அதோடு ஒட்டிக்கொண்டு விரிகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வழுக்கும், ஆனால் பிரிக்க வராது. நுரையீரலைப் போர்த்திய உறையும் மார்புச் சுவரின் உள்ளுறையும் அப்படித்தான் ஒட்டியிருக்கின்றன. இடையில் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. மார்பில் ஒரு திறப்பு விழுந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது, நுரையீரல் சுருண்டுவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. நடுவில் இருக்கும் இதயமும் பெருநாளங்களும் ஒவ்வொரு மூச்சுக்கும் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகின்றன. நல்ல நுரையீரலும் சரிவர விரிய முடியாமல் திணறுகிறது. வயிற்றறுவை நன்றாக வளர்ந்துவிட்ட 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் மருத்துவர்கள் மார்பைத் திறக்கத் தயங்கியதற்கு இதுவே காரணம்.

1904இல் பிரெஸ்லாவ் நகரத்தில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) ஃபெர்டினாண்ட் சாவர்புருக் என்ற இளம் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறை. நோயாளியின் உடம்பு அறைக்குள், தலை மட்டும் வெளியே. கழுத்தைச் சுற்றிக் காற்றுப் புகாத ரப்பர்ப் பட்டை. அறுவை மருத்துவர்களும் அந்த அறைக்குள்ளேயே நின்று வேலை செய்ய வேண்டும். உள்ளே அழுத்தம் குறைவாக இருந்ததால் மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருளவில்லை. அந்த அறை நீடிக்கவில்லை. 1909இல் நியூயார்க்கில் மெல்ட்சரும் ஆவரும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழலை விட்டுக் காற்றைச் செலுத்தினாலே போதும் என்று விலங்குகளில் காட்டினார்கள். வெளியே அழுத்தத்தைக் குறைப்பதைவிட உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவது எளிது. இன்றைய வெண்டிலேட்டர் செய்வதும் அதைத்தான்.

1928இல் கூடலும் வாட்டர்ஸும் அந்தக் குழலின் நுனிக்கருகில் ஊதிப் பெருக்கக்கூடிய ரப்பர்ப் பையைச் சேர்த்தார்கள். குழலுக்கும் மூச்சுக்குழாய்ச் சுவருக்கும் இடையில் கசிவு நின்றது. 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம், நுரையீரல் புற்றுநோய் வந்த ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் எடுத்தார். நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அவர் பிழைத்தது மட்டுமல்ல, கிரஹாமையும் தாண்டி வாழ்ந்தார். புகைப்பழக்கம் இருந்த கிரஹாம், 1950இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டவர். 1957இல் அதே நோய்க்கு அவரே இரையானார்.

ஒரு நுரையீரலோடு மனிதன் வாழ முடியும் என்பது அப்படி உறுதியாயிற்று. ஆனால் அறுவை நடக்கும் நேரத்தில் இரண்டையும் தனித்தனியே ஆள்வது எப்படி? அன்று நெஞ்சறுவைக்கு வந்தவர்களில் பலர் காசநோயாளிகள். நுரையீரலில் சீழும் சளியும் கட்டியவர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து மேலுள்ள நுரையீரலை அழுத்தினால், அந்தச் சீழ் வழிந்து கீழேயுள்ள நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்கச் சிலர் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து அறுவை செய்தார்கள். ஸ்வீடன் மருத்துவர் எரிக் கார்லென்ஸ் ஒவ்வொரு நுரையீரலின் திறனையும் தனியாக அளக்க 1949இல் ஓர் இரட்டைக்குழலை அமைத்தார். அடுத்த ஆண்டே அவரும் பியோர்க்கும் அதை நுரையீரல் அறுவையில் பயன்படுத்தியதை எழுதினார்கள். இன்று நெஞ்சறுவை நடக்கும் தியேட்டர்களில் 'டபுள் லூமன் டியூப்' என்று கேட்டு வாங்கும் பொருளின் மூதாதை அதுதான்.

இன்றைய குழலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் குழல்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது ஒரு பக்கத்து மூச்சுக்கிளைக்குள் போய் நிற்கும். குட்டையானது மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். இரண்டு பைகள்: மேலே நிறமற்றது, கீழே நீலம். நீலப் பைக்குப் பெரும்பாலும் 3 மில்லிக்குள் காற்று போதும். கூடினால் மெல்லிய கிளைக்குழாய் கிழியலாம். குழலில் செ.மீ. கோடுகள் இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பல்வரிசையில் 29ஆம் கோடு வரும்வரை உள்ளே போகும். உயரம் 10 செ.மீ. கூடினால் அல்லது குறைந்தால், இதுவும் 1 செ.மீ. கூடும் அல்லது குறையும். அது தொடக்கக் கணக்குதான்.

நீளமான முனை இடப்பக்கம் போவதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். வலது கிளைக்குழாய் நேராக இறங்கும், அகலமானது. உள்ளே தள்ளுவது சுலபம். ஆனால் 2 செ.மீ. போவதற்குள்ளாகவே நுரையீரலின் மேல்மடலுக்கான வாய் திறந்துகொள்கிறது. பை கொஞ்சம் நகர்ந்தால் அந்த வாய் அடைபட்டு, ஒரு மடல் முழுவதும் காற்றில்லாமல் போகும். இடது கிளைக்குழாய் சுமார் 5 செ.மீ. நீளம். பை நிற்க இடம் இருக்கிறது, சிறு பிசகையும் தாங்கும்.

குழல் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதைப் பார்க்க, மூச்சுக்கிளைகளின் உள்ளே பார்க்கும் கருவியான மெல்லிய பிராங்கோஸ்கோப்பைக் குழலுக்குள்ளேயே விடுகிறார்கள். குட்டைக் குழல் வழியாக எட்டிப் பார்த்தால் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கூர் விளிம்பு தெரிய வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே, இடது கிளைக்குள், நீலப் பையின் மேல் விளிம்பு பிறைபோலத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி நிம்மதி. மீதியை நம்ப முடியாது. மல்லாந்து படுத்திருப்பவரை அறுவைக்காகப் பக்கவாட்டில் திருப்பும்போது கழுத்து அசையும், குழல் ஒரு செ.மீ. நகரும். ஆகவே திருப்பிய பிறகு மறுபடியும் பார்ப்பதே ஒழுங்கு. பார்க்காமல் விட்டால் மார்பைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

"மேடம், லங் இன்னும் இறங்கலையே."

"ஒரு நிமிஷம் சார், ஸ்கோப் போட்டுப் பார்த்துடறேன்."

இந்த இரண்டு வரிப் பேச்சு நெஞ்சறுவைத் தியேட்டர்களில் சாதாரணமாகக் கேட்பது. இருவருக்கும் இடையில் இப்படிக் கூச்சமில்லாத பேச்சு இருக்கிறதா என்பதில்தான் நோயாளியின் பாதுகாப்பு பெருமளவுக்கு இருக்கிறது.

இந்தக் குழல் எல்லோருக்கும் போகாது. அளவு 39 எனப்படும் இரட்டைக்குழலின் வெளி விட்டம் சுமார் 13 மி.மீ.; பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடும் ஒற்றைக்குழல் 10 மி.மீ. அளவுதான். இரட்டைக்குழல் தடிப்பானது மட்டுமல்ல, விறைப்பானதும்கூட. வாய் அகலமாகத் திறக்காதவர்கள், கழுத்தை நிமிர்த்த முடியாதவர்கள், வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், முன்துருத்திய பற்கள் உள்ளவர்கள் ஆகியோருக்குக் குரல்நாண்களைத் தாண்டி அதைச் செலுத்துவது பெரிய சோதனை. அப்போது முதலில் ஒற்றைக்குழலை விட்டு மூச்சு வழியைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதன் வழியே நுனியில் பலூன் வைத்த மெல்லிய அடைப்பானை விட்டு, அறுவைப் பக்கத்துக் கிளையை மட்டும் அடைக்கலாம். குரல்நாண்களைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப், நுனியில் கேமராவோடு வந்தபிறகு இந்தப் பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

குழல் சரியாக நின்று, ஒரு நுரையீரல் மட்டும் காற்று வாங்குகிறது. ரத்தத்துக்கு அது தெரியாதே! இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இரண்டு நுரையீரல்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காற்றில்லாத நுரையீரலைக் கடந்து வரும் ரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலே திரும்பி, நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. இங்கே உடம்பே ஒரு கை கொடுக்கிறது. காற்று வராத பகுதியின் ரத்தநாளங்கள் தாமாகச் சுருங்கி, ரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகின்றன. 1946இல் ஸ்வீடனில் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டறிந்தார்கள். பக்கவாட்டில் படுத்திருக்கும்போது புவியீர்ப்பினால் மேல் நுரையீரலுக்குப் போவது மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. இந்தச் சுருக்கம் அதைப் பாதியாக்குகிறது. ஒற்றை நுரையீரலில் மணிக்கணக்காக ஒருவரை வைத்திருக்க முடிவதன் ரகசியம் இதுதான். மயக்கமூட்டும் வாயு அளவு மீறினால் இந்தச் சுருக்கம் தளர்ந்துபோகும் என்பதால் அதிலும் கணக்கு உண்டு.

அப்படியும் சிலருக்கு ஆக்சிஜன் இறங்கும். முதலில் குழல் நகர்ந்ததா என்று பார்ப்பார்கள். சளி அடைத்திருந்தால் உறிஞ்சி எடுப்பார்கள். கீழ் நுரையீரலின் காற்றறைகள் மூடிப்போகாமல் இருக்க, மூச்சு விடும் கட்டத்திலும் சிறிது அழுத்தம் தருவார்கள். சுருங்கிய நுரையீரலுக்குள் மெல்ல ஆக்சிஜன் விடலாம். எதுவும் கைகொடுக்காவிட்டால், "சார், கொஞ்சம் நிறுத்துங்க, ரெண்டு லங்கையும் ஊதிக்கிறேன்" என்று சொல்வதே சரி. அறுவை அப்படியே நிற்கும். ஆக்சிஜனைக் கூட்டுவதற்காக ஒற்றை நுரையீரலுக்குள் அளவு மீறிக் காற்றைத் திணிப்பது பழைய வழக்கம். அந்தத் திணிப்பே நல்ல நுரையீரலைப் புண்ணாக்குகிறது என்று தெரிந்தபிறகு, ஒரு மூச்சுக்கு, உயரத்துக்கேற்ற உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லி அளவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

அறுவையின் நடுவில் இருவரும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரங்கள் உண்டு. மடலை எடுக்கும்முன் அறுவை மருத்துவர் அதன் கிளைக்குழாயை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, நுரையீரலை ஊதச் சொல்வார். எடுக்க வேண்டிய மடல் சுருங்கியே இருந்து, மிச்சமிருக்க வேண்டியது விரிந்தால்தான் சரியான குழாயைப் பிடித்திருக்கிறார் என்று பொருள். ஸ்டேப்ளர் போடும்முன் உறிஞ்சுகுழலை மேலே இழுத்துக்கொண்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். உள்ளே கிடந்த குழலையும் சேர்த்துத் தைத்துவிட்ட விபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. முடிவில் மார்புக்குள் உப்புநீரை நிரப்பி நுரையீரலை ஊதிப் பார்ப்பார்கள். தையலில் கசிவு இருந்தால் நீரில் குமிழி வரும்.

நம் நாட்டு நெஞ்சறுவைக்கு இன்னொரு கடினம் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியதும், 1940களின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் சி.எம்.சி.யில் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கியதும் இந்த நோயின் நிழலில்தான். மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் சிலருக்கு நுரையீரலில் குழி மிஞ்சுகிறது. அதில் பூஞ்சை உருண்டை வளர்கிறது. கிளைக்குழாய்கள் அகன்று கோணலாகின்றன. அப்படிப்பட்ட நுரையீரல் மார்புச் சுவரோடு இறுக ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும்போது ரத்தம் கொட்டும். கோணிய கிளைக்குழாயில் இரட்டைக்குழல் உட்காராது. இத்தகையவர்களுக்குப் புற்றுநோய் அறுவையைவிடச் சிரமமான அறுவை காத்திருக்கலாம், "பழைய டி.பி. தானே" என்று யாரும் இலேசாக எண்ணக் கூடாது.

இவர்களில் சிலர் திடீரென்று ரத்தமாக இருமுவார்கள். அப்போது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்த இழப்பு அல்ல, மூச்சடைப்பு. மூச்சுக்குழாயும் கிளைகளும் சேர்ந்து கொள்வது சுமார் 150 மில்லிதான். ஒரு தம்ளர் ரத்தம் அதை நிரப்பிவிடும். எந்தப் பக்க நுரையீரல் கெட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நல்ல பக்கம் கீழே இருந்தால் ரத்தம் அங்கே இறங்கிவிடும்.

மயக்கவியல் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது வேறொன்று: நெஞ்சுக்கு நடுவே, மார்பெலும்புக்குப் பின்னால் வளரும் கட்டி. நிணநீர்ப் புற்றாக இருக்கலாம், தைமஸ் கட்டியாக இருக்கலாம். கொஞ்ச நாளாக நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்று வரும் இளைஞர், விழித்திருக்கும்போது தன் தசைகளின் பலத்தால் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பார். மல்லாக்கப் படுக்க வைத்து, தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்ததும் அந்தப் பலம் போய்விடுகிறது. கட்டியின் கனம் குழாயை நசுக்குகிறது. நசுங்கிய இடம் குழலின் நுனிக்கும் கீழே இருந்தால் வெண்டிலேட்டர் எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. "ராத்திரி மல்லாந்து படுக்க முடியுதா தம்பி? உக்காந்துதான் தூங்குறீங்களா?" என்ற கேள்வி இவர்கள் விஷயத்தில் ஸ்கேன் அளவுக்கு மதிப்புள்ளது. முடியவில்லை என்றால், இயன்றவரை கழுத்து நெறிக்கட்டியிலிருந்தோ ஊசி வழியாகவோ மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத் திசு எடுப்பார்கள். மயக்கம் தவிர்க்கவே முடியாது என்றால், நோயாளி தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்படி மெதுவாக மயக்கி, நசுங்கிய இடத்தைத் தாண்டிச் செலுத்த விறைப்பான உலோகப் பிராங்கோஸ்கோப்பைக் கையில் வைத்திருப்பார்கள்.

மூச்சுக்குழாயே கெட்டுப்போவதும் உண்டு. பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள் பல நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீடு திரும்புகிறார்கள். குழலின் பை சுவரை அழுத்திய இடத்தில் புண் ஆறி, தழும்பு வளையமாகச் சுருங்குகிறது. சில வாரங்களில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; பிறகு மூச்சிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுப்பார்கள், கேட்காது. உட்கார்ந்திருக்கும்போதே திணறல் வருகிறது என்றால் குழாயின் அகலம் பெரும்பாலும் 5, 6 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும். வெண்டிலேட்டரில் இருந்தவருக்குப் புதிதாக 'இழுப்பு' வந்தால், முன்பு அங்கே இருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அது ஒன்றே நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

சுருங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கும் அறுவையை வளர்த்தெடுத்தவர் பாஸ்டனின் ஹெர்மீஸ் கிரில்லோ. பெரியவர்களுக்குச் சுமார் பாதி மூச்சுக்குழாய் வரை எடுக்க முடியும் என்று அவர் காட்டினார். அறுவையின் நடுவில் மூச்சுக்குழாய் இரண்டு துண்டாகத் திறந்து கிடக்கும். வாய்வழிக் குழலை மேலே இழுத்துவிட்டு, அறுவை மருத்துவரே கிருமி நீக்கிய வேறொரு குழலைக் கீழ்முனைக்குள் நேரே செருகுவார். அதன் மறுமுனை மயக்கவியல் மருத்துவரிடம் போகும். ஒரு தையல் போடக் குழலை எடுப்பது, ஆக்சிஜன் இறங்கும்முன் திரும்பச் செருகுவது என்று மாறி மாறி நடக்கும். முடிந்ததும் தையல் இழுபடாமல் இருக்க முகவாயை மார்போடு சேர்த்து ஒரு தடித்த தையல் போட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் தலையைக் குனிந்தபடியே வைத்திருப்பார்கள். பார்க்கும் உறவினர்களுக்கு மனம் பதறும். அதன் அவசியத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளியும் பொறுத்துக்கொள்வார்.

மறுபடி நுரையீரலுக்கே வருவோம். நுரையீரல் அறுவைக்கு முன் ஊதச் சொல்லி எடுக்கும் பரிசோதனை எத்தனை மடல் எடுத்தால் தாங்கும் என்று கணக்கிடத்தான். இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்துக்கொண்டு, எடுக்கப்போகும் கூறுகளைக் கழித்து மிச்சத் திறனை மதிப்பிடுகிறார்கள். நிற்காமல் எத்தனை மாடி ஏறுகிறார் என்பதையும் பார்ப்பார்கள். மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போகும்போது சொல்ல வேண்டியவை: முன்பு குழல் போட்டதில் சிரமம் இருந்ததா, ஆடும் பல் உண்டா, எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு சளி துப்புகிறார். பீடி, சிகரெட்டை நிறுத்தச் சில வாரங்களாவது வேண்டும். முந்தின நாள் நிறுத்தினால் சளியும் இருமலும் அடங்கியிருக்காது.

அறுவைக்குப் பிறகு மார்பிலிருந்து ஒரு குழாய், நீர் நிரப்பிய பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும், திரும்பப் போகாது. அந்தப் பாட்டிலை எப்போதும் மார்புக்குக் கீழேயே பிடிக்க வேண்டும். இருமுவதற்கு வலி தடை. அதனால் முதுகில் மெல்லிய குழல் வைத்து மரத்துப்போகும் மருந்து தருகிறார்கள். வலி மருந்தை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரலாம்.

ஒரு பக்க நுரையீரலை முழுவதும் எடுத்தவர்களுக்கு அந்த வெற்றிடத்தில் மெல்ல நீர் நிரம்புவது இயல்பு. வீட்டுக்கு வந்தபின் திடீரென்று இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நீர்த்த சளி வாய் நிறைய வந்தால், கிளைக்குழாயின் தையல் பிரிந்து அந்த நீர் மூச்சுக்குழாய்க்குள் ஏறுகிறது என்று எண்ண வேண்டும். மல்லாக்கப் படுக்க விடக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, அறுவை செய்த பக்கமாகச் சாய்த்து, அதே நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அவருக்குப் போடப்போவதும் இரண்டு பக்கங்களையும் பிரித்து வைக்கும் குழல்தான்.